விளையாட்டுக்குள் விளம்பரம் கொடுப்பவரைத் தரவுச் சட்டம் தொடுமா?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். நிலாவெளியில் ஒரு விடுதி, உப்புவெளியிலிருந்து திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் ஒரு படகுக்காரர், திருகோணமலை நகரத்துக்குள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு நடத்தும் ஒரு ரியூசன் நிலையம். இந்த மூவருக்கும் போன் விளையாட்டுகளுக்குள் வீடியோ விளம்பரம் ஓடவிடும் வேலை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. விளையாட்டு வேறு யாருடையதோ. விளையாடுபவர்களின் விவரங்களை எடுப்பது விளம்பர வலையமைப்பு, அதாவது விளையாட்டுகளையும் விளம்பரக்காரர்களையும் இணைத்துவிடும் நிறுவனம். நீங்கள் கொடுப்பது 30 செக்கன் வீடியோவும் காசும்தான். அப்படியிருக்க, தனிநபர் தரவுச் சட்டங்கள் உங்களையோ உங்கள் வாடிக்கையாளர்களையோ எப்படிப் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடிக்கும். விவரத்தை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதை மட்டும் இந்தச் சட்டங்கள் பார்ப்பதில்லை. ‘இந்த விளம்பரம் யாருக்குப் போக வேண்டும்’ என்று தீர்மானித்தவர் யார் என்றும் பார்க்கின்றன. அந்தத் தீர்மானத்தை எடுப்பது நீங்கள். கணக்கைத் திறந்து வயது, இடம், விருப்பம் என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்கிறீர்களே, அங்கேதான் உங்கள் கடமை தொடங்குகிறது. குறைவாகத் தெரிவு செய்தால் கடமையும் குறையும்.

முதலில் திரைக்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறேன். ஒருவர் மூதூருக்குப் போகும் பஸ்ஸில் இருந்துகொண்டு ஒரு புதிர் விளையாட்டை விளையாடுகிறார். தோற்றுவிடுகிறார். ‘வீடியோ பார்த்தால் இன்னொரு உயிர்’ என்று வருகிறது, அழுத்துகிறார். அந்தக் கணத்தில் விளையாட்டுக்குள் பொருத்தப்பட்டிருக்கும் விளம்பர மென்பொருள் ஓர் ஏல அழைப்பை அனுப்புகிறது. அந்த அழைப்பில் போனின் விளம்பர அடையாள எண், ஐபி முகவரி, போன் மாதிரி, மொழி, விளையாட்டின் பெயர் எல்லாம் இருக்கும். அனுமதி கிடைத்திருந்தால் அவர் இருக்கும் இடமும், சிலவேளை பிறந்த ஆண்டும் பாலும்கூட இருக்கும். வாங்க நிற்கும் நிறுவனங்களின் கணினிகள் அதைப் படித்து, ஒரு செக்கன் முடியும் முன்பே விலை சொல்கின்றன. வென்றவரின் வீடியோ ஓடுகிறது. தோற்றவர்களும் அந்த விவரத்தைப் பார்த்தாயிற்று. விளம்பரக்காரர்கள் யோசிக்காமல் விடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

‘பெயர் இல்லை, அடையாள அட்டை இலக்கம் இல்லை, வெறும் எண்தானே’ என்று உங்கள் விடுதிக்காரர் சொல்லக்கூடும். அந்த வாதம் எங்கேயும் எடுபடாது. நம் நாட்டின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஓர் ஆளை அடையாளம் காண உதவும் விவரங்களில் இணையவழி அடையாளத்தையும் இருப்பிடத் தரவையும் சேர்த்தே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரும் அப்படித்தான். விளம்பர அடையாள எண் ஓர் ஆளின் பழக்கவழக்கத்தைத் தொடர்ந்து சேர்த்து வைப்பதற்கென்றே உண்டானது. அதற்குப் பெயர் தேவையே இல்லை.

சரி, விவரத்தைக் கண்ணாலும் பார்க்காத விளம்பரக்காரர் எப்படிப் பொறுப்பாளி ஆகிறார்? இதற்கு மிகத் தெளிவான விடை ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2018 ஜூன் 5 தீர்ப்பில் இருக்கிறது. ஜேர்மனியில் ஒரு கல்வி நிறுவனம் பேஸ்புக்கில் பக்கம் நடத்தியது. பக்கத்துக்கு வந்தவர்களின் விவரங்களைச் சேகரித்தது பேஸ்புக். கல்வி நிறுவனத்துக்குக் கிடைத்தது பெயரற்ற புள்ளிவிவரம் மட்டும். ‘எங்களிடம் யாருடைய விவரமும் இல்லையே’ என்று அவர்கள் வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்த வகை ஆட்களைப் பற்றிய கணக்கு வேண்டும் என்று அளவுகோலை அமைத்தவர்கள் நீங்கள், ஆகவே நீங்களும் கூட்டுப் பொறுப்பாளி என்றது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஓர் ஆடைக் கடையின் இணையதளம் பற்றிய வழக்கிலும் அதே பாதையில் தீர்ப்பு வந்தது. பேஸ்புக் பொத்தானைத் தன் பக்கத்தில் வைத்ததாலேயே, விவரம் சேகரிக்கப்பட்டு அனுப்பப்படும் அந்தக் கட்டத்துக்குக் கடைக்காரரும் பொறுப்பாளி ஆனார். அதற்குப் பிறகு பேஸ்புக் அந்த விவரத்தை வைத்து என்ன செய்தது என்பதற்கு அவர் பொறுப்பில்லை. கூட்டுப் பொறுப்பு என்றால் சரிபாதிப் பொறுப்பு என்று பொருளில்லை என்பதையும் நீதிமன்றம் சொன்னது. இரண்டுமே விளையாட்டு பற்றிய வழக்குகள் அல்ல. ஆனால் விளையாட்டு விளம்பரத்தில் நீங்கள் செய்வதும் அந்தக் கல்வி நிறுவனம் செய்ததும் ஒன்றுதான்: ஆளைத் தெரிவு செய்வது, அளக்கச் சொல்வது.

அடுத்தது, எந்த நாட்டுச் சட்டம் என்ற கேள்வி. இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் குழம்புகிறார்கள். உப்புவெளிக் கடற்கரையில் படுத்துக்கொண்டு போனில் விளையாடும் ஜேர்மன்காரருக்கு நீங்கள் படகுப் பயண விளம்பரம் காட்டினால், அவருடைய கடவுச்சீட்டைப் பார்த்து ஐரோப்பியச் சட்டம் இங்கே ஓடி வராது. அவர் இருப்பது இலங்கையில், நீங்கள் இருப்பதும் இலங்கையில். அங்கே பொருந்துவது நம் சட்டம். ஆனால் அதே ஜேர்மன்காரர் ஹம்பர்க்கில் இருக்கும்போது, ஜேர்மன் மொழியில், யூரோ விலையோடு, ‘நிலாவெளிக்கு வாருங்கள்’ என்று அவருடைய விளையாட்டுக்குள் உங்கள் விடுதி விளம்பரம் ஓடினால் கதை வேறு. ஒன்றியத்துக்குள் இருக்கும் ஆட்களுக்குச் சேவை வழங்க முன்வருகிறீர்கள். உங்கள் அலுவலகம் உட்துறைமுக வீதியில் இருந்தாலும் ஜிடிபிஆர் உங்களை எட்டும். மொழியும் நாணயமும் அந்த எண்ணத்தைக் காட்டும் சான்றுகளாக எடுக்கப்படும். வெளிநாட்டுப் பயணிகளைக் குறிவைக்கும் நம் ஊர் விடுதிகள் பல இந்த நிலையில்தான் இருக்கின்றன.

நம் சட்டத்தின் நிலையையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் மாதம் சட்டமானது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையை அமைக்கும் பகுதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முக்கிய கடமைகள் 2025 மார்ச் 18 இல் தொடங்கும் என்று இருந்தது, பிறகு தள்ளிப்போனது. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் நிறைவேறியது. எந்தப் பகுதி எந்தத் திகதியில் நடைமுறைக்கு வருகிறது என்பதை வேலை தொடங்கும் முன் வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள். ‘இன்னும் வரவில்லைத்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். இன்று நீங்கள் சேர்க்கும் போன் இலக்கங்களும் படிவங்களும் சட்டம் முழுதாக வரும்போதும் உங்களிடம் இருக்கும். அதிகாரசபை ஒரு பணிப்புரை கொடுத்து அதற்கு நீங்கள் இணங்காவிட்டால், ஒவ்வொரு தவறுக்கும் 1 கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்க 2022 சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஜிடிபிஆரில் உச்சவரம்பு 2 கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது.

உண்மையைச் சொன்னால், ஐரோப்பிய அதிகாரி ஒருவர் நிலாவெளி விடுதியைத் தேடி வருவது நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தெரியவில்லை. முன்னால் வரப்போவது வேறு. விளம்பரக் கணக்கு முடக்கப்படும். அல்லது வெளிநாட்டுப் பயண முகவர் ஒருவர் ஒப்பந்தம் போட வரும்போது ‘உங்கள் தரவு நடைமுறையைக் காட்டுங்கள்’ என்று கேட்பார், காட்ட ஒன்றும் இருக்காது. இது சின்ன நட்டமில்லை.

சம்மதம் என்ற விஷயத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் இருப்பவரின் போனிலிருந்து விளம்பர நோக்கத்துக்காக விவரம் எடுப்பதற்கு அவருடைய முன்கூட்டிய சம்மதம் வேண்டும். முதலிலேயே ‘சரி’ அடையாளம் போட்டு வைத்த பெட்டி சம்மதமாகாது என்று 2019 இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளையாட்டு உலகத்தில் இதற்கு நல்ல உதாரணம் பிரான்ஸின் வூடூ நிறுவனம். போனில் ஓடும் எளிய விளையாட்டுகளை உலகம் முழுக்க வெளியிடும் பெரிய நிறுவனம் அது. அப்பிள் 2021 ஏப்ரலில் ஒரு புதிய அனுமதித் திரையைக் கொண்டுவந்தது. ‘இந்தச் செயலி உங்களைப் பின்தொடரலாமா’ என்று கேட்கும், வேண்டாம் என்றால் விளம்பர எண் கிடைக்காது. வேண்டாம் என்று சொன்னவர்களிடம் வூடூவும் ‘இனி உங்கள் பழக்கத்தை வைத்து விளம்பரம் காட்ட மாட்டோம்’ என்ற பொருளில் ஒரு திரையைக் காட்டியது. ஆனால் செயலி வெளியீட்டாளருக்கு அப்பிள் கொடுக்கும் இன்னோர் அடையாள எண்ணை எடுத்து, விளம்பரத்துக்காகத் தொடர்ந்து பயன்படுத்தியது. பிரான்ஸின் தரவுக் காப்பு ஆணையம் 2022 டிசம்பர் முடிவில் 30 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

இதில் உங்களுக்கு என்ன பாடம்? தண்டம் கட்டியது விளையாட்டு நிறுவனம், விளம்பரம் கொடுத்தவர்கள் அல்ல. சரிதான். ஆனால் அந்த வழியில் எடுத்த விவரத்தின் மேல்தான் அவர்களின் விளம்பரங்களும் நடந்தன. ஆகவே வலையமைப்பிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: சம்மதம் சொல்லாதவரிடம் எங்கள் விளம்பரம் எப்படிப் போகிறது? ‘போன் மாதிரி, திரை அளவு, ஐபி எல்லாம் சேர்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம்’ என்று பெருமையாகச் சொன்னால், அந்த ஆளோடு வேலை வேண்டாம். அப்பிளே அதைத் தடை செய்திருக்கிறது. கூகுளும் 2024 ஜனவரியிலிருந்து, ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் தன் விளம்பரத்தைக் காட்டும் செயலிகள் சான்று பெற்ற சம்மதக் கருவியை வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. ‘சம்மதம் பதிவான இடங்களில் மட்டும் வாங்கு’ என்று அமைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையே போடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும்.

இருப்பிடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊரில் எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். ‘நிலாவெளியைச் சுற்றி ஒரு கிலோமீற்றருக்குள் நிற்பவர்களுக்கு மட்டும்’ என்று கேட்பார்கள். 2016 இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இன்மொபி என்ற விளம்பர நிறுவனத்துக்கு 9,50,000 டொலர் தண்டம் வாங்கியது. இருப்பிட அனுமதியை மறுத்த ஆட்களையும், அவர்களின் போன் பார்க்கும் வைஃபை வலையமைப்புகளை வைத்து இடம் கண்டுபிடித்துக் குறிவைத்தது அந்த நிறுவனம். சிறுவர்களுக்கான செயலிகளிலும் அது நடந்தது. இடத்தை வைத்துக் குறிவைக்கும் வசதியை விளம்பரக்காரர்களுக்கு விற்றதும் அதே நிறுவனம்தான். ஆகவே ‘எங்களிடம் துல்லியமான இருப்பிடம் உண்டு’ என்று யாராவது சொன்னால், அது எப்படி வந்தது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். கோணேசர் கோயில் வாசலில் நிற்கும் போன்களுக்கு விளம்பரம், பள்ளிவாசலுக்கு வெள்ளிக்கிழமை வரும் போன்களுக்கு விளம்பரம், வைத்தியசாலையில் காத்திருக்கும் போன்களுக்கு விளம்பரம் என்று யாரேனும் யோசனை சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். மதநம்பிக்கையும் உடல்நலமும் நம் சட்டத்திலும் ஐரோப்பியச் சட்டத்திலும் சிறப்பு வகைத் தரவுகள், அவற்றுக்குக் காப்பு அதிகம். ஓர் ஆளின் போன் எந்த வழிபாட்டு இடத்தில் எத்தனை முறை நிற்கிறது என்ற பட்டியல் அந்த ஆளின் மதத்தைச் சொல்லிவிடும். நம் மாவட்டத்தில் அப்படியொரு பட்டியல் யாருடைய கணினியிலாவது உருவாவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்று சமூகங்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்து, பட்டியல்களால் என்ன நடக்கும் என்று கண்ட மண் இது. ஒரு விடுதி விளம்பரத்துக்காக அதற்கு ஒரு துரும்பைக்கூட நாம் எடுத்துப் போடக் கூடாது.

அளவுகோல் வேண்டுமென்றால், கலிபோர்னியாச் சட்டம் 1,850 அடி ஆரைக்குள், அதாவது ஏறத்தாழ 560 மீற்றருக்குள் ஆளைக் காட்டும் இருப்பிடத்தைத் துல்லியமான இருப்பிடம் என்று எடுத்து, உணர்திறன் கொண்ட தரவுகளில் சேர்க்கிறது. உங்கள் அளவு வணிகத்துக்கு அந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது, ஆனால் எல்லைக்கோடாக நல்லது. மாவட்டம் முழுவதையும் தெரிவு செய்யுங்கள், போதும்.

இனிப் பிள்ளைகள். உங்கள் மூன்று வாடிக்கையாளர்களில் எனக்குக் கவலை தருபவர் ரியூசன் நிலையக்காரர்தான். புலமைப்பரிசில் எழுதும் பிள்ளைக்கு வயது 10. அந்தப் பிள்ளை விளையாடும் கார் ஓட்டம், நிறம் தீட்டும் விளையாட்டு இவற்றுக்குள் விளம்பரம் போட்டு, ஒரு படிவத்தில் பெயர், பாடசாலை, அம்மாவின் போன் இலக்கம் எல்லாம் வாங்கலாம் என்று அவர் நினைக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார் என்று நம்புகிறேன். ஆனாலும் செய்யக் கூடாது. நம் சட்டத்தில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் பிள்ளை. பிள்ளையைப் பற்றிய தரவு முழுவதும் சிறப்பு வகைத் தரவாகவே வைக்கப்பட்டிருக்கிறது, சம்மதம் கொடுப்பதென்றால் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ கொடுக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை ‘சம்மதம்’ என்று அழுத்தியது சம்மதமே இல்லை.

நம் வீடுகளில் இதைவிடச் சிக்கலான ஒரு நிலைமை உண்டு. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு வீட்டில் ஒரே ஒரு நல்ல போன் இருக்கும், அது அம்மாவுடையதாக இருக்கும். பின்னேரம் பிள்ளை அதில் விளையாடும். வலையமைப்பின் கணக்கில் அது 35 வயதுப் பெண். நீங்கள் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று தெரிவு செய்தாலும் விளம்பரம் பிள்ளையின் கண்ணுக்குத்தான் போகும். பிள்ளை பார்த்த, தொட்ட எல்லாம் அம்மாவின் கணக்கில் ஏறும். ஆகவே வயதுத் தெரிவை நம்பிப் பயனில்லை. எந்த விளையாட்டு என்பதைப் பாருங்கள். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கான அமெரிக்கச் சிறுவர் இணையக் காப்புச் சட்டமும், செயலி பிள்ளைகளை நோக்கியதா என்பதை அதன் பொருள், படங்கள், கேலிச்சித்திரப் பாத்திரங்கள், இசை இவற்றை வைத்தே தீர்மானிக்கிறது. பிள்ளைகளை நோக்கிய விளையாட்டில் விளம்பர எண்ணை வைத்து ஆளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டப் பெற்றோரின் சம்மதம் தேவை. விளையாட்டின் வகையை மட்டும் பார்த்து எல்லோருக்கும் ஒரே விளம்பரம் காட்டுவதற்கும், ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டாமல் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்கும் அந்தச் சட்டம் இடம் விடுகிறது. எனக்கு இது நியாயமான கோடாகத் தெரிகிறது.

2024 இல் கலிபோர்னியாவில் டில்டிங் பொயின்ற் என்ற விளையாட்டு நிறுவனம் 5,00,000 டொலர் கட்டிச் சமரசத்துக்கு வந்தது. பிள்ளைகள் விளையாடும் ஒரு விளையாட்டில், மற்ற நிறுவனங்களின் விளம்பர மென்பொருளைப் பிழையாக அமைத்திருந்ததால் பிள்ளைகளின் விவரம் வெளியே போனது. வேண்டுமென்று செய்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு அமைப்புப் பிழை போதும் என்பதற்காகச் சொல்கிறேன். ஐரோப்பாவிலும் டிஜிற்றல் சேவைச் சட்டம், பார்ப்பவர் சிறுவர் என்று நியாயமான உறுதியோடு தெரிந்தால் அவருடைய விவரத்தை வைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்று இணையத் தளங்களுக்கு விதித்திருக்கிறது. இந்தியாவின் 2023 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை. அங்கே 18 வயதுக்குக் கீழே எல்லோரும் பிள்ளைகள். பிள்ளைகளைப் பின்தொடர்வதும் அவர்களை நோக்கிய இலக்கு விளம்பரமும் தடை, பிள்ளைகள் தொடர்பான கடமை மீறலுக்கு 200 கோடி இந்திய ரூபா வரை தண்டம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கிய கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவர நீங்கள் விளம்பரம் போட்டால் அந்தச் சட்டமும் உங்களைப் பார்க்கும்.

ரியூசன் நிலையக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: விளம்பரம் பெற்றோருக்கு, அவர்கள் பார்க்கும் இடங்களில். விளையாட்டுக்குள் போட்டே ஆக வேண்டுமென்றால், ‘அம்மா அப்பாவிடம் காட்டு’ என்ற வீடியோவும் நிலையத்தின் போன் இலக்கமும் மட்டும். படிவம் வேண்டாம், இணைப்பு வேண்டாம், பின்தொடர்தல் வேண்டாம். மற்ற இரண்டு வாடிக்கையாளர்களின் கணக்குகளில் சிறுவர் விளையாட்டு வகைகளை முழுதாக விலக்கிவிடுங்கள். கூகுள் விளம்பரக் கணக்கில் செயலி வகைகளைத் தவிர்க்கும் வசதி இருக்கிறது. திமிங்கிலப் பயணத்துக்குக் காசு கட்டப்போவது எட்டு வயதுப் பிள்ளையில்லை, ஆகவே நட்டமும் இல்லை.

உங்கள் கேள்வியில் வராத ஒன்றையும் சேர்க்கிறேன், நம் ஊரில் மிக அதிகமாக நடக்கும் பிழை அதுதான். விடுதிக்காரரிடம் விருந்தினர் பதிவேடு இருக்கும்: கடவுச்சீட்டுப் பிரதி, போன் இலக்கம், மின்னஞ்சல். ‘இந்த இலக்கங்களை ஏற்றினால் இவர்களைப் போன்ற ஆட்களைத் தேடித் தருவோம்’ என்று விளம்பர நிறுவனம் சொல்லும். விருந்தினர் அந்த இலக்கத்தைக் கொடுத்தது அறை பதிவு செய்வதற்கு. அதை எடுத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது வேறு நோக்கம், அதற்கு வேறு அனுமதி வேண்டும். ‘ஏற்றும்போது இலக்கம் குறியீடாக மாறிவிடும், யாருக்கும் தெரியாது’ என்ற சமாதானத்தையும் நம்ப வேண்டாம். அந்தக் குறியீட்டை வைத்து ஆளைப் பொருத்த முடிகிறது என்பதால்தானே அதை ஏற்றச் சொல்கிறார்கள். குறியீடாக்கினாலும் அது பெயரற்ற தரவாகாது என்று அமெரிக்க வர்த்தக ஆணையமும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கும் விடுதியின் இணையப்பக்கமும் அப்படித்தான். அதில் பேஸ்புக்கினதோ கூகுளினதோ கண்காணிப்புத் துண்டு, அதாவது பக்கத்துக்கு வருபவரைப் பின்தொடரும் சின்ன நிரல், இருந்தால், அங்கே நீங்கள் வெளியாள் இல்லை, நேரடிப் பொறுப்பாளி. ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு முதலில் கேட்டுவிட்டு, அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் அது ஓடத் தொடங்க வேண்டும். என்ன எடுக்கிறீர்கள், ஏன், யாருக்குக் கொடுக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைப்பீர்கள் என்று எளிய மொழியில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். படிவத்தில் இலக்கம் கொடுத்தவர்களுக்கு வட்ஸ்அப்பில் வரிசையாகச் செய்தி அனுப்புவதும் தனி விஷயம். நம் சட்டம், சம்மதித்தவருக்குத்தான் இப்படியான விளம்பரச் செய்தி போகலாம் என்கிறது. நிறுத்தச் சொல்ல இலவசமான வழியும் இருக்க வேண்டும்.

ஒப்பந்தங்களை நீட்டி எழுதத் தேவையில்லை. வலையமைப்போடு உள்ள ஒப்பந்தம் பெரும்பாலும் அவர்கள் தரும் அச்சுப் பிரதிதான், மாற்ற விட மாட்டார்கள். ஆனாலும் தரவு பற்றிய பின்னிணைப்பு என்று தனியாக ஒன்று இருக்கும், அதை இறக்கி வைத்துப் படியுங்கள். வாடிக்கையாளரோடு நீங்கள் எழுதும் தாள்தான் உங்கள் கையில் இருப்பது. யார் தெரிவு செய்தார்கள், யாருடைய சொல்லின்படி, படிவத்தில் வரும் விவரம் யாரிடம் இருக்கும், எப்போது அழியும், ஆளொருவர் ‘என் விவரத்தை அழியுங்கள்’ என்று கேட்டால் யார் பதில் சொல்வது என்பதை நான்கு வரியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு விளம்பரம் தொடங்கும்போதும் தெரிவுத் திரையைப் படமெடுத்துத் திகதியோடு ஒரு கோப்பில் போடுங்கள். நாளைக்கு யார் கேட்டாலும் காட்டக்கூடியது அதுதான். வாடிக்கையாளர் சொன்னபடி மட்டும் செய்தால் நீங்கள் அவர் சார்பில் வேலை செய்பவர். நீங்களே ஆளைத் தெரிவு செய்து, அந்த விவரத்தை இன்னொரு வாடிக்கையாளருக்கும் பயன்படுத்தினால் நீங்களும் பொறுப்பாளி. விடுதிக்காகச் சேர்த்த பட்டியலைப் படகுக்காரருக்குக் கொடுப்பது அந்த வகை. செய்ய வேண்டாம். ஐரோப்பாவை முறையாகக் குறிவைத்துத் தொடர்ந்து விளம்பரம் போடப் போகிறீர்கள் என்றால், ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டுமா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள். அதற்கு மட்டும் காசு செலவழிப்பது தகும்.

இதெல்லாம் விட்டுவிட்டால் விளம்பரம் பலன் தருமா என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள். விடுதிக்கும் படகுக்கும் தரும் என்பதே என் கணிப்பு. நாடு, மொழி, விளையாட்டின் வகை, சீசன் மாதங்கள், இந்த நான்கையும் ஒழுங்காகத் தெரிவு செய்தால் போதும். மீன்பிடி விளையாட்டும் கடல் விளையாட்டும் ஆடுபவருக்குத் திமிங்கிலப் படகைக் காட்ட அவருடைய விளம்பர எண் எதற்கு? பலனை அளப்பதற்கும் வழி இருக்கிறது. வீடியோவின் முடிவில் ஒரு சொல்லைக் காட்டுங்கள், ‘புறாமலை’ என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்யும்போது அதைச் சொன்னால் 5 சதவீதம் கழிவு. விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சொல். மாத முடிவில் விடுதிக்காரர் கொப்பியைத் திறந்து எண்ணினால் எந்த விளையாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துவிடும்.

படிவத்தில் ஏற்கெனவே வந்து சேர்ந்த பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஏதாவது ரியூசன் நிலையத்தில் இருந்தால், இந்தக் கிழமைக்குள் பெற்றோரைத் தொடர்புகொண்டு சம்மதம் கேளுங்கள். பதில் வராதவற்றை அழித்துவிடுங்கள்.